போட்டுப் பார்த்தவள்

பெயரை எழுத வேண்டாம் என்று அவளே சொல்லிவிட்டாள். "என்னப் பத்தி எழுதுறெண்டா எழுதுங்க மிஸ். பேர மட்டும் போட்டுராதீங்க. கிண்ணியாவில வாப்பாவத் தெரியாத ஆக்கள் இல்ல." ஆகையால் இதில் அவளுக்குப் பெயர் கிடையாது.

முதன்முதலாக அவளைப் பார்த்தது நேர்முகத் தேர்வில். திருகோணமலைத் துறைமுகத்தைப் பார்த்தபடி நிற்கும் பழைய கட்டடமொன்றின் மேல்மாடியில் எங்களுக்கு இரண்டு அறைகள் தந்திருந்தார்கள். ஒன்றில் முப்பரிமாண அச்சியந்திரம். மற்றதில் என்னுடைய குப்பிகளும் அளவுகருவிகளும். நான் மருந்தாளர், இருபது வருடம் ஆஸ்பத்திரி மருந்தகத்தில் நின்றுவிட்டு இந்த ஆய்வுக்கு வந்தவள். ஆய்வுக்குப் பொறுப்பாக இருந்தவர் காது மூக்குத் தொண்டை வைத்தியர் ஒருவர். அச்சியந்திரத்தை இயக்க எங்களுக்கு ஓர் ஆள் தேவைப்பட்டது.

வந்தவர்கள் எல்லோரிடமும் அச்சியந்திரத்தில் செய்த ஒரு செருகியைக் கொடுத்து அபிப்பிராயம் கேட்டோம். காது கேட்பதற்கு மெசின் போடுகிறவர்களின் காதுக்குள் பொருந்துகிற, சுண்டுவிரல் நுனியளவுப் பொருள் அது. ஒருவர் அதன் நிறத்தைப் புகழ்ந்தார். இன்னொருவர் தொழில்நுட்பத்தின் எதிர்காலத்தைப் பற்றி நெடுநேரம் பேசினார். அவளோ முக்காட்டுக்குள் கையை விட்டு அதைத் தன் காதில் செருகப் பார்த்தாள்.

வைத்தியர் கதிரையில் நிமிர்ந்தார். "அது வேற ஒராளின்ர காதுக்குச் செய்தது."

"தெரியும் சேர். எங்க உராயுதெண்டு பாத்தன்." எடுத்து, ஓரிடத்தை நகத்தால் தொட்டுக் காட்டினாள். "இந்த இடம். ஒரு நாள் முழுக்கப் போட்டா புண் வரும்."

பூதக்கண்ணாடியில் பார்த்தபோது அங்கே மயிரளவு விளிம்பு ஒன்று இருந்தது. அந்தச் செருகியை நான் இரண்டு கிழமையாகக் கையில் வைத்திருந்தவள்.

அவளுடைய வாப்பா கிண்ணியாவில் பல்லுக் கட்டுகிறவர். பள்ளிக்கூடம் முடிந்த நாள் முதல் அவருடைய கடையில் அச்செடுப்பது, மெழுகு வார்ப்பது, தேய்த்து மினுக்குவது எல்லாம் அவளுடைய வேலை. பிறகு கணினியில் உருவம் வரையவும் படித்திருந்தாள். "பல்லு செட்டு முடிஞ்சா விளிம்ப நாக்கால தடவிப் பாத்துத்தான் குடுப்பம் சேர். கண்ணுக்குத் தெரியாத கீறல் நாக்குக்குத் தெரியும்" என்றாள்.

"தடவின பிறகு?"

"மருந்துத் தண்ணியில போட்டுக் கழுவுவம்."

வைத்தியர் சிரிப்பை அடக்கிக்கொண்டு என்னைப் பார்த்தார். வேலை அவளுக்குத்தான் என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

நாங்கள் செய்ய முயன்றது என்னவென்று சொல்ல வேண்டும். எங்கள் ஊர் வெயிலில் காது மெசின் போடுகிறவர்கள் படும் பாடு பெரியது. காது நாள் முழுக்க மூடிக் கிடக்கும். உள்ளே வியர்க்கும், கிருமி பிடிக்கும், சீழ் வடியும். மெசினைக் கழற்றிவிட்டுத் துளிமருந்து விட்டால் காது காயும், ஆனால் கேட்காது. திரும்பப் போட்டால் கேட்கும், ஆனால் வடியத் தொடங்கும். எனவே செருகிக்குள்ளேயே மருந்தை வைக்கலாம் என்பது வைத்தியரின் யோசனை. ஒளி பட்டால் இறுகுகிற ஒரு திரவத்தில் கிருமிக்கொல்லி மருந்தைக் கலந்து, அவரவர் காதின் அளவுக்குப் படலம் படலமாக அச்சியந்திரத்தில் வளர்த்தெடுப்போம். காதுக்குள் இருந்தபடியே இரண்டு கிழமைக்கு, பதினான்கு நாளும், மருந்து கொஞ்சங் கொஞ்சமாக வெளிவர வேண்டும். அப்படி வருகிறதா என்று குப்பியில் போட்டு அளப்பது என் பொறுப்பு.

அவள் வந்த முதல் மாதமே தன் காதையும் அச்செடுத்துக் கணினியில் ஏற்றிவிட்டாள். புதிதாகத் திரவம் கலக்கும் ஒவ்வொரு தடவையும் தன் வலது காதுக்கு ஒன்று செய்வாள். "ஒருக்காப் போட்டுப் பாப்பம் மிஸ்" என்பாள். மருந்து இல்லாததென்றால் போடலாம், மருந்துள்ளதைத் தொடக்கூடாது என்று வைத்தியர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். நோயில்லாத காதில் கிருமிக்கொல்லியை வைப்பது பிழை என்று நானும் விளங்கப்படுத்தியிருந்தேன். அவள் தலையாட்டினாள். போட்டுக்கொண்டு அவள் நடந்தால் யாருக்கும் தெரியாது, முக்காடு மறைத்துவிடும். கூப்பிட்டும் திரும்பாவிட்டால், ஆள் எதையோ சோதிக்கிறாள் என்று நாங்கள் விளங்கிக்கொள்வோம்.

இந்தப் போட்டுப் பார்க்கும் பழக்கம் செருகியோடு நிற்கவில்லை. நோயாளர் கையெழுத்து வைக்கும் சம்மதப் பத்திரத்தைத் தானே நோயாளியைப் போல வாய்விட்டு வாசித்து, விளங்காத சொல்லையெல்லாம் வெட்டினாள். "'பாதகமான விளைவு' எண்டா எங்கட உம்மாவுக்கு விளங்காது மிஸ். 'காது கூட நோகலாம்' எண்டு போடுங்க." ஒருமுறை இறுகாத திரவம் தோலில் பட்டால் என்ன செய்யும் என்று பார்க்க மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டாள். இரண்டு கிழமை கை சிவந்து தடித்துக் கிடந்தது. அன்று நான் ஏசியது கொஞ்சமல்ல. "எழுதி ஒட்டியிருக்கிறாங்கள்தானே, தோலில படக்கூடாதெண்டு. வாசிக்கத் தெரியாதா?"

"வாசிச்சன் மிஸ். எவ்வளவு கடிக்குமெண்டு அதில போடல்ல."

எனக்குக் கோபமும் வந்தது, ஒருவிதப் பயமும் வந்தது. இவள் ஒரு நாள் தனக்கு ஏதாவது செய்துகொள்வாள் என்று வீட்டில் என் கணவரிடம் சொன்னேன்.

எங்கள் முதல் நோயாளி, திருகோணமலையிலிருந்து குச்சவெளி வழியாகப் புல்மோட்டைக்கு ஓடும் தனியார் பஸ் ஒன்றின் கொண்டக்டர். ஐம்பது வயது தாண்டியவர். ஒரு காது முழுக்கச் செவிடு. மற்றதில் மெசின் போட்டுத்தான் தொழில் செய்து வந்தார். அந்தக் காதும் வடியத் தொடங்க, மெசினைக் கழற்ற வேண்டி வந்தது. ஒருநாள் வயதான அம்மா ஒருவர், தான் இறங்க வேண்டுமென்று, "இறக்கம், இறக்கம்" என்று சொன்னது இவருக்குக் கேட்கவில்லை. நின்ற பஸ்ஸை இவர் மணியடித்து எடுக்க, மிதிபலகையில் கால் வைத்திருந்த அந்த அம்மா விழுந்துவிட்டார். முழங்காலில் காயத்தோடு போயிற்று. அடுத்த நாள் இவரே முதலாளியிடம் போய், இனி ஏறமாட்டேன் என்று சொல்லிவிட்டார். முதலாளி அவரைப் பஸ் கழுவ விட்டிருந்தார். மூன்று மாதத்துக்குள் காது சரிவராவிட்டால் வேறு ஆளைப் போடுவதாகச் சொல்லியிருந்தார்.

கொண்டக்டர் எங்களிடம் வந்தபோது கட்டடம் அதிரக் கதைத்தார். பக்கத்து ஒபிஸிலிருந்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். நானும் முகத்தைச் சுளித்திருப்பேன். மறுநாள் அவள் வேலைக்கு வரவில்லை. பின்னேரம் நாலரைக்கு முகமெல்லாம் தூசியோடு வந்து சேர்ந்தாள்.

"எங்க போனீங்கள்?"

"குச்சவெளிக்கு மிஸ். ரெண்டு காதையும் பஞ்சும் மெழுகும் வச்சு அடச்சிட்டு பஸ்ஸில போனன். போனது புல்மோட்டைக்கு."

"ஏன், குச்சவெளியில இறங்கேல்லையா?"

"இறக்கம் எண்டு சொன்னன்தான். எனக்கே என்ட சத்தம் கேக்கல்ல. மெதுவாச் சொல்லியிரிக்கன் போல, ஒருத்தரும் திரும்பிப் பாக்கல்ல." முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து இருந்தாள். "அவர் ஏன் கத்திக் கதைக்கிறாரெண்டு இப்பதான் விளங்குது. தன்ட சத்தம் வெளிய வருதா இல்லையாண்டு அவருக்குத் தெரியாது."

அதன் பிறகு அவர் வரும் நாட்களில் அவருக்கு எதிரே, முகத்துக்கு நேராகக் கதிரையைப் போட்டுக்கொண்டு, வாயசைவு தெரிய நிதானமாகக் கதைப்பாள். அவருடைய சத்தமும் கொஞ்சம் குறைந்தது.

அவருடைய செருகி தயாரானது. என் குப்பிக் கணக்கு அழகாக இருந்தது; மருந்து மெதுவாக, ஒரே சீராக வெளிவருவதாகக் கோடு காட்டியது. நெறிமுறைக் குழுவும் அனுமதி தந்துவிட்டது. திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு அவருக்குப் போடுவதென்று ஏற்பாடு.

ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட்டுவிட்டு இருந்தேன். கேற்றடியில் அவள் நின்றாள். கிண்ணியாவிலிருந்து பஸ் பிடித்து வந்திருந்தாள். உள்ளே வந்து, தந்த தண்ணீரைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டிருந்தாள்.

"மிஸ், நான் ஒரு பிழை செஞ்சிட்டன்."

மருந்துள்ள செருகி ஒன்றைத் தன் காதின் அளவுக்குச் செய்து வெள்ளிக்கிழமை காலை போட்டிருக்கிறாள். தொழுகைக்கு முன் கைகால் முகம் கழுவி ஒழு எடுக்கும்போது ஈரவிரலால் காதைத் தடவுவது அவர்களுடைய முறை. மதியம் அப்படித் தடவிக் கொஞ்ச நேரத்தில் தொண்டையில் கசப்பு. பின்னேரம் இன்னும் கசப்பு, சோறு இறங்கவில்லையாம். சனிக்கிழமை காலை இலேசாக. சனி பின்னேரத்தோடு கசப்பே இல்லை.

"காதில போட்டது தொண்டையில எப்படிக் கசக்கும்?" என்று கேட்டேன்.

அவள் தரையைப் பார்த்தாள். "என்ட வலது காதுச் சவ்வில ஓட்டை இரிக்கி மிஸ். சின்ன வயசில வடிஞ்சது. துளிமருந்து விட்டாத் தொண்டைக்கு வரும். ஆருக்கும் சொல்லல்ல. கெட்ட காதுதானே, போட்டுப் பாக்க அது போதுமெண்டு நினைச்சன்."

தண்ணீர்க் கிளாஸை அவள் கையிலிருந்து வாங்கி மேசையில் வைத்தேன். அவளே தொடர்ந்தாள். "ஒரு நாளையில முடிஞ்சிட்டு மிஸ். ரெண்டு கிழமைக்கு எண்டு நாம வச்ச மருந்து முழுக்க வந்திட்டு. நாளைக்கு அவர்ட காதில போட்டா, ஒரு நாள் மருந்து. மிச்ச நாளெல்லாம் சீழ உள்ள வச்சு மூடினமாதிரி."

"உங்கட தொண்டைக் கசப்பை நம்பி என்ர கணக்கைப் பிழையெண்டு சொல்றீங்களா?" என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"பிழையெண்டு சொல்லல்ல மிஸ். குப்பித் தண்ணிய நீங்க மாத்துறீங்களாண்டு கேக்கத்தான் வந்தன்."

அவள் கேட்டது ஏதும் தெரியாமல் கேட்ட கேள்வி. எனக்கு அது நெஞ்சில் இறங்கியது. நான் தண்ணீரை மாற்றவில்லை. சிறிய குப்பியில் கொஞ்சத் தண்ணீர் விட்டு, அதே தண்ணீரில்தான் நாட்கணக்காக அளந்து வந்தேன். நின்ற தண்ணீரில் மருந்து ஓரளவு கரைந்ததும் மேற்கொண்டு கரைய இடமில்லை. அதைத்தான் நான் 'மெதுவாக வெளிவருகிறது' என்று எழுதியிருந்தேன். பல்கலைக்கழகத்தில் முதல் வருடம் படிக்கும் பாடம் அது. காது நின்ற தண்ணீரா என்ன? வியர்க்கும், குளிக்கும்போது நனையும், வடியும், காயும்.

இருவருமாக ஓட்டோ பிடித்து ஆய்வுகூடத்துக்குப் போனோம். அதே கலவையில் செய்து மிச்சமிருந்த செருகியைப் புதுக் குப்பியில் போட்டு, அரை மணிக்கொருமுறை தண்ணீரை மாற்றி மாற்றி அளந்தேன். அவள் கதவடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். பொழுது படுவதற்குள்ளேயே தெரிந்துவிட்டது. அவளுடைய தொண்டை சரியாகத்தான் சொல்லியிருந்தது.

திங்கட்கிழமை கொண்டக்டர் மடிப்புக் கலையாமல் மினுக்கிய சேட்டோடு எட்டரைக்கே வந்துவிட்டார். வைத்தியரிடம் நான் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சத்தம் போடுகிறவரல்ல, அன்று போட்டார். "அனுமதி இல்லாமல் மருந்தைத் தன்ர உடம்பில வைச்சுப் பாத்திருக்கிறா. ஏதும் நடந்திருந்தால் ஆர் பதில் சொல்றது? குழு இந்த வேலையையே மூடிப் போடும், தெரியுமோ?"

கொண்டக்டர் எங்கள் மூவரின் முகங்களையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில், "எனக்கு இண்டைக்கு இல்லையோ?" என்று கேட்டார்.

அவள் கதிரையை இழுத்து அவருக்கு நேரே போட்டாள். "இல்ல. நான் போட்டுப் பாத்தன். சரியில்ல. சரியில்லாதத உங்கட காதில வைக்க ஏலாது."

அவர் அவளுடைய வாயைக் கவனமாகப் பார்த்தார். "நீங்கள் போட்டுப் பாத்தனீங்களோ?"

"ஓம்."

"அப்ப பிறகு வாறன்" என்று எழுந்தார். போகும்போது வாசலில் நின்று, "பிள்ளையை ஏசாதேங்கோ" என்றார், கட்டடத்துக்கே கேட்கும்படி.

ஆறு கிழமைக்கு அவள் அறைக்குள் கால் வைக்கக்கூடாது என்று வைத்தியர் தீர்ப்புச் சொன்னார். குழுவுக்கு நடந்ததை நான் எழுதினேன். அவளுடைய பிழை அரைப்பக்கம். என்னுடையது இரண்டு பக்கம். வாசித்துவிட்டு வைத்தியர், "உங்கட பிழையை ஏன் இவ்வளவு நீட்டி எழுதியிருக்கிறியள்?" என்று கேட்டார்.

"அது நீளமான பிழை, டொக்டர்" என்றேன். அவர் பேனாவை எடுத்துக் கீழே கையெழுத்து வைத்தார். குழு ஒரு கடும் கடிதத்தோடு எங்களைத் தொடர விட்டது.

உள்ளே வரக்கூடாது என்றால், வெளியே இருக்கக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை. அவள் தினமும் வந்து கண்ணாடிக் கதவுக்கு வெளியே, விறாந்தையில் கிடந்த மரவாங்கில் கணினியோடு உட்கார்ந்திருந்தாள். அச்சியந்திரத்தை நான் இயக்கினேன். நான் பிழையான பொத்தானுக்குக் கையைக் கொண்டுபோனால் வெளியிலிருந்து கண்ணாடியில் தட்டுவாள். மருந்தை உள்ளே ஒரு கருவாக வைத்து, அதைச் சுற்றி மருந்தில்லாத மெல்லிய தோல் ஒன்றைச் செய்து, அந்தத் தோலில் நுண்ணிய துளைகள் விட்டால் என்ன என்று கடதாசியில் வரைந்து கண்ணாடியில் ஒட்டிக் காட்டியதும் அவள்தான். மருந்தை மாற்றத் தேவையில்லை, வடிவத்தை மாற்றினால் போதும் என்பது அவளுடைய எண்ணம். துளை கூடினால் மருந்து ஓடியது; குறைந்தால் அடைத்துக்கொண்டது. நான் ஞாயிற்றுக்கிழமைகளிலும் வந்து மூன்று நேரம் தண்ணீர் மாற்றினேன். இடையில் இரண்டு தடவை மின்சாரம் போய், பாதி வளர்ந்த செருகிகளை எறிய வேண்டி வந்தது.

கொண்டக்டரின் மூன்று மாதம் முடியும் தறுவாயில் அவள் ஒரு நாள் குச்சவெளிக்குப் போய் அவருடைய பஸ் முதலாளியைப் பார்த்துவிட்டு வந்தாள். "இன்னும் ஒரு மாசம் தாறாராம்" என்றாள். அவருக்கும் காதில் பஞ்சு வைத்துவிட்டாளா என்று எனக்குத் தெரியாது. கேட்கவுமில்லை.

ஆறு கிழமை முடிந்து அவள் உள்ளே வந்த அன்று, புதிய செருகியில் மருந்தில்லாத ஒன்றைத் தன் இடது காதுக்குச் செய்து, வைத்தியரிடம் கொண்டுபோய்க் காட்டி, அவர் கையெழுத்து வைத்த பிறகு போட்டுக்கொண்டாள். ஒரு கிழமை கழித்து, "இது நல்லம்" என்றாள். அதற்குப் பிறகுதான் கொண்டக்டரின் காதுக்குப் போனது.

இரண்டு கிழமையில் அவருடைய காது காய்ந்தது. அடுத்த செருகியோடு மெசினையும் பூட்டினோம். ஒரு மாதம் கழித்து, பஸ் நிற்கும் இடைவேளையில் படியேறி வந்தார். அவர் மெதுவாகக் கதைத்ததை அன்றுதான் முதல் தடவை கேட்டேன். "நேற்றுப் பின்சீற்றில இருந்து ஒராள் இறக்கம் எண்டவர். நான் மணி அடிச்சிட்டன். டிரைவர் திரும்பி என்னைப் பாத்தவன். அவனுக்குக் கேக்கேல்லையாம்." சொல்லிவிட்டுச் சிரித்தார். அவள் எழுந்து அடுத்த அறைக்குப் போய்விட்டாள். முக்காட்டு நுனியால் கண்ணைத் துடைப்பது கண்ணாடியில் தெரிந்தது.

மிச்சம் இருந்தது அவளுடைய காது. செவிப்பறையில் உள்ள ஓட்டையை அடைக்கலாம், காதுக்குப் பின்னாலிருந்து சிறு சவ்வு எடுத்து ஒட்டினால் போதும் என்று வைத்தியர் பலமுறை சொன்னார். அவள் பிடிகொடுக்கவில்லை. நோன்பு வருகிறது என்றாள், உம்மாவுக்குச் சுகமில்லை என்றாள். உலகத்தில் உள்ளதையெல்லாம் தன்மேல் சோதித்துப் பார்த்த அவளுக்குக் கத்தி என்றால் பயம் என்று விளங்க எனக்குக் கொஞ்ச நாள் எடுத்தது. கண்டிப் பக்கத்துப் பெரிய ஆய்வுகூடம் ஒன்றில் வேலை கிடைத்து அவள் போக இருந்த மாதத்தில்தான் கடைசியில் சம்மதித்தாள்.

சத்திரசிகிச்சை அறை வாசல் வரை நான் கூடப் போனேன். தள்ளுகட்டிலில் பச்சைத் துணியால் தலையைச் சுற்றிக் கட்டிக்கொண்டு படுத்திருந்தாள். என் கையைப் பிடித்திருந்தாள். வைத்தியர் கைகழுவப் போகும் வழியில் அவளருகே நின்றார்.

"என்ன, பயமா?"

"சேர், ஒண்டு கேக்கட்டா?"

"கேளுங்கோ."

"இத நீங்க உங்கட காதில செஞ்சு பாத்தீங்களா?"

பக்கத்தில் நின்ற தாதி வாயைப் பொத்திக்கொண்டார். வைத்தியர் சிரிக்கவில்லை. சரியான பதில் சொல்ல வேண்டிய கேள்வி என்பதுபோலக் கட்டிலின் விளிம்பைப் பிடித்துக் குனிந்தார்.

"என்ர காதில ஏலாது. என்ர தங்கச்சியின்ர காதில செய்தனான். எட்டு வருசமாகுது. நான் மெல்லமாச் சொல்றதும் அவளுக்கு இப்ப கேக்கும்."

அவள் அவருடைய முகத்தைப் பார்த்தாள். பிறகு என் கையை விட்டுவிட்டு, இரண்டு கைகளையும் நெஞ்சின் மேல் வைத்துக்கொண்டாள்.

"அப்ப சரி சேர். செய்யுங்க."